மாற்று எண் என்னுடையது

இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால், கம்பத்துக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜீப் ஸ்டாண்டை ஒட்டிச் சின்னதாக ஒரு செல்போன் கடை வைத்திருக்கிறேன். சிம் கார்டு, ரீசார்ஜ், சார்ஜர், போன் கவர் எல்லாம் உண்டு. காலையில் எங்கள் ஊர்ப் பெண்கள் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கேரள எல்லையைத் தாண்டி ஏலத்தோட்ட வேலைக்குப் போவார்கள். பொழுது சாயும்போதுதான் இறங்குவார்கள். அந்தத் தோட்டத்தில் நான் விற்ற சிம்முக்கு மட்டும்தான் டவர் கிடைக்கும். ஏனென்றால் அந்த சிம் கம்பெனியின் டவர் மலைமேட்டில் தோட்டத்துக்கு நேரெதிரே நின்றது. எதிர்க்கடைக்காரர் விற்றது பெரிய கம்பெனியின் சிம். அவர்கள் டவர் மலைக்கு அந்தாண்டை. அதனால் தோட்டத்துப் பெண்கள் அத்தனை பேரும் என் வாடிக்கை. அவருக்கு அதில் என்மேல் தீராத கடுப்பு. கடை வாசலில் யார் குடை யார் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது வரைக்கும் சண்டை போட்டிருக்கிறோம்.

சிம் வாங்கும்போது 'மாற்று எண்' என்று இன்னொரு போன் நம்பரைக் கம்பெனி கேட்கும். அந்தப் பெண்கள் பலர் வீட்டில் இருப்பதே ஒரு போன்தான். "ஒங்க நம்பரையே போட்டுக்கோங்கக்கா" என்பார்கள். நானும் போட்டுவிடுவேன். பள்ளிக்கூடம், அங்கன்வாடி, கேஸ் ஏஜென்ஸி என்று எங்கே கேட்டாலும் அவர்கள் சொல்லும் இரண்டாவது நம்பர் என்னுடையதுதான். எங்கள் ஸ்டாண்டில் அது ஒரு பழக்கமாகவே ஆகிப்போனது.

இப்படி இருக்கும்போதுதான் பெரிய கம்பெனி எங்கள் கம்பெனியை விழுங்கியது. அவர்கள் பாஷையில் அது 'இணைப்பு'. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே இரண்டு கம்பெனி ஒன்றுபட்டு எங்களைக் கூத்தாட விட்டது. ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வருகிறேன், என் கடை போர்டுக்கு வேறு நிறம் அடித்து வைத்திருக்கிறார்கள். என் கடை, என் வாடகை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழைய சிம்மை எல்லோரும் புது சிம்மாக மாற்ற வேண்டும் என்று மெசேஜ் மேல் மெசேஜ் வந்தது. கம்பெனியிலிருந்து வந்த சேல்ஸ் ஆள், "ரெண்டு கம்பெனி டவரும் சேந்துரும்க்கா. இனிமே மலை உச்சியிலகூட படம் பாக்கலாம்" என்று அடித்துச் சொன்னான்.

அதை நான் அப்படியே வாடிக்கையாளர்களிடம் சொன்னேன். என் கடைக்குப் பின் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகிற ஒரே மகள். அந்தப் பிள்ளைக்கு வீசிங் தொந்தரவு உண்டு. அவள் மட்டும் சிம்மைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள்.

"மாத்துனா மேல டவர் கிடைக்குமாக்கா? பிள்ளைக்கு ஒண்ணுன்னா எனக்குத் தெரியணும்ல."

"முன்ன விட நல்லாக் கெடைக்கும் ஆத்தா. நான் சொல்றேன்ல, தைரியமா மாத்து" என்றேன்.

மாற்றினாள். கொஞ்ச நாள் கழித்து என் போன் ஓயாமல் அடிக்க ஆரம்பித்தது. ஒருத்தியின் மாமியார், இன்னொருத்தியின் மகன், ரேஷன் கடைக்காரர் என்று யார் யாரோ. "அவுகளுக்குப் போன் போட்டாப் போகல, அதான் ஒங்களுக்குப் போட்டேன்" என்றார்கள். தோட்டத்துக்குப் போனவர்கள் போனை எடுக்கவில்லை என்றால்கூடப் பரவாயில்லை, ஒருத்தி போனும் அடிக்கவே இல்லை.

வாடிக்கையாளர் சேவைக்குக் கூப்பிட்டேன். பாட்டைப் போட்டுக் காக்க வைத்த பிறகு ஒரு பெண் வந்தாள். "மலைமேல டவர் இல்லம்மா" என்றேன். புகாரைப் பதிந்துகொண்டாள். மறுநாள் மெசேஜ் வருகிறது: 'நீங்கள் குறிப்பிட்ட இடத்தில் டவர் இருப்பது உறுதி செய்யப்பட்டது. உங்கள் புகார் தீர்க்கப்பட்டது.'

அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகுதான் உறைத்தது. எங்கள் ஊரில் சிக்னலுக்குப் பெயரே டவர்தான். "டவர் இல்ல" என்றால் போனில் கோடு விழவில்லை என்று அர்த்தம். அந்தப் புண்ணியவான்கள் இரும்புக் கம்பம் நிற்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள்! கம்பம் நிற்கத்தான் செய்தது. அதில் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். டவர் வேலை பார்க்கும் ஒருவரைப் பிடித்துக் கேட்டேன். ஒரே இடத்துக்கு எதற்கு இரண்டு டவர் என்று ஒன்றை அணைத்துவிட்டார்களாம். மலைக்கு அந்தாண்டை இருப்பதே போதும் என்று முடிவாம்.

"நடுவுல மலை நிக்குதேய்யா?"

"அவுக பாத்த மேப்புல டவருக்கு ஒண்ணா ரெண்டு வட்டம்தான்க்கா இருந்துச்சு, மலை இல்ல" என்றார்.

மறுபடியும் புகார் செய்தேன். மறுபடியும் 'தீர்க்கப்பட்டது'. எருமை மாட்டின்மேல் மழை பெய்த மாதிரி!

நல்ல மழை பிடித்திருந்த ஒரு பகலில் பள்ளிக்கூடத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. பின் தெருப் பெண்ணின் மகளுக்கு மூச்சுத் திணறுகிறது, அம்மா போன் போகவில்லை, உடனே வாருங்கள் என்றார் டீச்சர். கடையை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து ஓடினேன். பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது. டீச்சரும் நானும் தூக்கிக்கொண்டு கம்பம் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டரம்மா ஆக்சிஜன் வைத்தார், மூச்சுக்கு மருந்துப் புகை பிடிக்க வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "இவளுக்கு எந்த மருந்தாவது ஒத்துக்காதா?" என்று கேட்டார். ஏதோ ஒரு ஊசி ஒத்துக்கொள்ளாது, போட்டால் முகம் வீங்கிவிடும் என்று அம்மா சொன்னதாக டீச்சருக்கு ஞாபகம். எந்த ஊசி என்று தெரியாது. பிள்ளையால் பேச முடியவில்லை. நான் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார் என்றது. ஜீப் டிரைவருக்குப் போட்டேன், தோட்டத்து மேஸ்திரிக்குப் போட்டேன். அதே குரல், அதே வரி. நான் விற்ற சிம், நான் மாற்றிக் கொடுத்த சிம்.

வேறு வழி தெரியாமல் எதிர்க்கடைக்காரருக்குப் போன் செய்தேன். அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். "அழாத தங்கச்சி, நான் போயிக் கூட்டியாறேன்" என்றார். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கொட்டுகிற மழையில், கொண்டை ஊசி வளைவுகளில் பைக்கில் ஏறிப் போனார். அந்த மனிதரிடமா குடைக்காகச் சண்டை போட்டேன் என்று அன்றைக்குத்தான் நினைத்தேன்.

அவர் அவளோடு திரும்பி வரும்வரை டாக்டரம்மா பிள்ளையை விட்டு நகரவில்லை. சேறும் சகதியுமாக ஓடிவந்தவள் ஊசியின் பெயரைச் சொன்னாள். போடலாமா என்று டாக்டரம்மா யோசித்துக்கொண்டிருந்த இரண்டு மருந்தில் ஒன்று அது. மற்றதைப் போட்டார்கள். சாயங்காலம் பிள்ளைக்கு மூச்சு சீரானது.

வராந்தாவில் நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் உருவிக்கொண்டாள்.

"நீங்க சொன்னீகன்னுதானேக்கா மாத்துனேன்" என்றாள். அவ்வளவுதான். சத்தம்கூடப் போடவில்லை. செருப்பால் அடித்திருந்தால் தேவலை.

அந்த வாரமே தேனியில் ஒரு மண்டபத்தில் ஏஜெண்டுகளுக்குக் கம்பெனி விழா வைத்தது. கேக், டீ சர்ட், பிரியாணி. மேடையில் கோட்டுப் போட்ட மேனேஜர், "இது இரண்டு குடும்பங்கள் சேர்ந்த கல்யாணம்" என்றார். நெட்வொர்க் இரட்டிப்பாகிவிட்டது என்றார். அதோடு, ஒரு ஊருக்கு இனி ஒரு கடைதான், மற்றவர்களுடைய விற்பனை உரிமை ரத்தாகும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

நான் எழுந்தேன். "சார், ஒரு நம்பர் சொல்றேன். ஒங்க போன்லருந்து போடுங்க. மைக்குகிட்ட வச்சுப் போடுங்க" என்றேன். ஏதோ வாழ்த்துச் சொல்லப் போகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, போட்டார். அது பின் தெருப் பெண்ணின் நம்பர்; அவள் அன்றைக்கு வேலைக்குப் போயிருந்தாள். போகாவிட்டால் அடுப்பு எரியாது. மண்டபம் முழுக்கக் கேட்டது: 'தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார்.'

"இப்படித்தான் சார், ஒரு பச்சப்பிள்ள ஆஸ்பத்திரியில கெடந்தப்பவும் சொல்லுச்சு. ஒங்க கல்யாணத்துக்கு எங்க ஊரு டவர மொய்யா எழுதிட்டீகளா?" என்று கத்தினேன். மேனேஜர், "மேடம், இது தொழில்நுட்பச் சீரமைப்பு" என்று ஆரம்பித்தார். பின்வரிசையில் தேவதானப்பட்டிக்காரர் எழுந்து, "எங்க ஊருக்கும் ஒரு நம்பர் தாரேன், போடுங்க" என்றார். வைகை அணைப் பக்கத்துக்காரர், "இங்கனயும் அதே கததான்" என்றார். எதிர்க்கடைக்காரர் தன் டீ சர்ட்டை மடித்து மேடை ஓரத்தில் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். அன்றைக்குக் கேக் வெட்டவே இல்லை.

மாதம் திரும்புவதற்குள் மலைமேல் டவர் வேலை செய்ய ஆரம்பித்தது. மன்னிப்பு இல்லை, விளக்கம் இல்லை. இன்னொன்றும் நடந்தது. எங்கள் ஊருக்கு ஒரு கடை என்று எதிர்க்கடையை வைத்துக்கொண்டு, என் உரிமையை ரத்து செய்தார்கள். அவர் வேண்டாம் என்று மறுக்கக் கிளம்பினார். "ஒங்களுக்கும் பிள்ளகுட்டி இருக்குண்ணே, பேசாம இருங்க" என்று நான்தான் தடுத்தேன். கோபம் அவர்மேல் இல்லை. போர்டுக்கு நிறம் அடிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு பிள்ளையின் மூச்சு பெரிதாகத் தெரியவில்லையே, அதன்மேல்தான்.

இப்போது வேறொரு கம்பெனியின் ஏஜென்ஸி எடுத்திருக்கிறேன். அதன் ஆளும் வந்து, மலையெல்லாம் டவர் கிடைக்கும் என்றுதான் சொன்னான். போன மாதம் பின் தெருப் பெண் கடைக்கு வந்து, "இது மேல கெடைக்குமாக்கா?" என்று கேட்டாள். "தெரியல ஆத்தா. நாளைக்கு நானும் ஒங்க ஜீப்புல வாரேன்" என்றேன். மறுநாள் காலை அவள் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். தோட்டத்தில் ஒவ்வொரு சரிவாக நடந்து, போனைப் பார்த்துப் பார்த்து, பாதி இடத்தில் கிடைக்காது என்று தெரிந்துகொண்டு இறங்கினேன். அவளிடம் "வேணாம்" என்று சொன்னேன். கம்பெனிகள் சேரட்டும், பிரியட்டும், பெயரை மாற்றிக்கொள்ளட்டும்; அந்தப் பெண்கள் நம்பி வாங்குவது என் வாயிலிருந்து வரும் வார்த்தையை, அந்த வாயை இனி எவனுக்கும் நான் இரவல் கொடுக்க மாட்டேன்.