பற்றரியில் மிஞ்சியிருந்த பத்து வீதம்

உங்கள் வீட்டுக் கராஜில் எத்தனை பிளக் பொயின்ற் இருக்கிறது என்று கேட்டால் உடனே சொல்வீர்களா? நான் சொல்வேன். நான்கு. போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் அதில் ஒன்றை நம்பித்தான் என் மச்சானின் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது.

மச்சான் என்றால் என் மனைவி வசந்தியின் அண்ணன். நுரையீரல் பழுதாகி, போன பனிக்காலத்தில் எங்களோடு வந்து தங்கியவர். காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்று அவருடைய அறையில் இரவு பகலாக உறுமிக்கொண்டே இருக்கும். மூக்கில் குழாயை மாட்டிக்கொண்டு கிரிக்கெட் பார்ப்பார், அம்பயரைத் திட்டுவார். மெஷின் நின்றால் கொஞ்ச நேரத்தில் அவருடைய உதடு நீலமாகத் தொடங்கும்.

இனிப் பற்றரிக்கு வருவோம்.

மெல்பேர்னின் வடக்கே, கிரெய்கிபர்னில் எங்கள் தெருவில் எல்லோருடைய கூரையிலும் சோலார் தகடு. எங்கள் கூரையில் மட்டும் நிழல். இந்த நாட்டில் வெயில் வரும் வடக்குப் பக்கத்தில் ஒரு கிழட்டு யூக்கலிப்டஸ் நிற்கிறது. வீடுகளுக்கு முந்தி வந்த மரமாம், கை வைக்கக் கூடாதாம். வெயில் இல்லாவிட்டால் என்ன, புத்தி இருக்கிறதே என்று நான் தகடு இல்லாமலே, வீட்டுக்கே மின்சாரம் சேமித்துத் தரும் பெரிய பற்றரி வாங்கினேன். மாடு வாங்காதவன் பால்வாளி வாங்கின கதை என்று நண்பர்கள் சிரித்தார்கள். நான் அசரவில்லை.

கணக்கு சுலபம். மின்சாரக் கம்பனியில் நான் எடுத்த திட்டத்தில் பகல் பதினொன்றிலிருந்து இரண்டு மணிவரை மின்சாரம் கிட்டத்தட்டச் சும்மா — ஊரார் கூரையெல்லாம் உற்பத்தி செய்து தள்ளும் நேரம் அது. அப்போது பற்றரியை நிரப்பிவிட வேண்டும். மூன்று மணிக்குப் பிறகு விலை ஏறும். அப்போது பற்றரியில் வீட்டை ஓட்ட வேண்டும். அவ்வளவுதான். பில் பாதியாக இறங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பற்றரிக்கென்று போனில் ஒரு செயலி இருக்கிறது, அதில் ஒரு கோடு உண்டு. மின்சாரம் போனால் பாவிப்பதற்கு எவ்வளவைக் கையிருப்பாக வைப்பது என்று நாமே இழுத்துவிடலாம். நான் பத்து வீதத்தில் வைத்திருந்தேன். அதற்கு மேல் சும்மா கிடந்தால் எனக்கு வயிறு எரியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மின்சாரம் போகும் நேரம் பற்றரி முழு வீட்டையும் இழுக்காது, எந்தப் பகுதிக்கு வேண்டும் என்று பற்றரியைச் சுவரில் பூட்ட வந்தவர் கேட்டார். நானும் வசந்தியும் ஒரே குரலில் 'கராஜ்' என்றோம். மனிதர் நம்பாமல் திரும்பவும் கேட்டார். நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டுமா? மீன் பொரிக்கும் மணம் வீட்டுக் கம்பளத்தில் ஏறக் கூடாது என்று அடுப்பு கராஜில். ஆட்டிறைச்சி, இறால், நண்டு நிறைந்த பெரிய ஃபிரீசர் கராஜில். கார் மட்டும் தெருவில் வெயில் காயும். மச்சான் அப்போது எங்களோடு இல்லை. அவர் வந்த பிறகு, அவருடைய அறையையும் சேர்ப்போம் என்று வசந்தி இரண்டு தரம் சொன்னாள். செய்யலாம் என்றேன். நான் 'செய்யலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை நாற்பத்திரண்டு பாகை வெயில். வடக்கிலிருந்து நெருப்புக் காற்று. நான் ட்ருகனினாவில் வேலையில் நின்றேன், ஒரு பொருட்கிடங்கில். மூன்று மணிபோல் போனில் ஒரு செய்தி வந்தது — கையிருப்பு ஐம்பது வீதமாக மாற்றப்பட்டதாம்.

யார் மாற்றியது? செயலிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று முடிவு செய்தேன். அந்த வெயிலில் யாருக்குத்தான் பிடிக்காது? நல்ல விலை ஓடப்போகிற நேரத்தில் பாதிப் பற்றரியைப் பூட்டி வைக்க நான் என்ன மடையனா... ஒரே விரலால் கோட்டைத் திரும்பவும் பத்துக்கு இழுத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது ஏசி ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. பற்றரி பத்தைத் தொட்டிருந்தது. மனதுக்குள் என்னையே மெச்சிக்கொண்டேன்.

ஆறு நாற்பதுக்கு மின்சாரம் போனது.

மச்சானின் அறையிலிருந்து மெஷின் கீச்சிட்டது. ஓடிப் போனேன். வசந்தி எனக்கு முதலே அங்கே நின்று சின்ன ஒட்சிசன் சிலிண்டருக்குக் குழாயை மாற்றிக்கொண்டிருந்தாள். அவசரத்துக்கென்று தந்த சிலிண்டர் அது. வெள்ளிக்கிழமை மச்சான் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பாவித்திருந்தார். புதியது புதன்கிழமைதான் வரவிருந்தது. அளவு காட்டும் ஊசி சிவப்பில் நின்றது.

மெஷினை நம்பி மூச்சு விடுபவர் என்று மின்சாரக் கம்பனியில் அவருடைய பெயரைப் பதிந்திருக்கிறோம். திட்டமிட்டு நிறுத்துவதென்றால் முன்கூட்டியே அறிவிப்பார்கள். கம்பியை அறுக்கும் காற்று அறிவித்துவிட்டா அறுக்கும்?

கராஜிலிருந்து அறைவரை இழுக்க நீளமான கேபிள் ஒன்று இருந்தது. இருந்தது... யாரோ பிறந்தநாள் விழாவுக்கு இரவல் வாங்கிப் போனார்கள். நம்மவர்கள் வாங்கிய கேபிளைத் திருப்பித் தந்த சரித்திரம் உண்டா?

ஆகவே மச்சானைத்தான் கொண்டுபோக வேண்டும். நான் மெஷினை உருட்டினேன். வசந்தி ஒரு கையில் சிலிண்டரும் மறு கையில் அண்ணனுமாக நடந்தாள். இருபது அடி தூரம். நடுவில் இரண்டு தரம் மச்சான் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டார். அடுப்புக்கும் ஃபிரீசருக்கும் நடுவில் ஒரு கதிரையைப் போட்டு இருத்தினோம். பிளக்கைச் செருகினேன். மெஷின் உறுமியது.

வசந்தி எதிர்ச் சுவரில் இருந்த பற்றரியைப் பார்த்தாள். பிறகு தன்னுடைய போனைப் பார்த்தாள்.

"மூண்டு மணிக்கு நான் அம்பதிலயெல்லே வைச்சனான்," என்றாள். "ஆர் குறைச்சது?"

அவள் அந்தச் செயலியைத் திறப்பாள் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. காற்று எச்சரிக்கையைக் கேட்டுவிட்டு அவளாகவே கோட்டை ஏற்றியிருக்கிறாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் உச்ச விலையைப் பற்றி அரை மணித்தியாலம் பிரசங்கம் செய்திருப்பேன். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மச்சான் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் பத்து, ஒன்பதாகிவிட்டது. ஃபிரீசர் குடிக்கிறது என்று உணர நான் எடுத்த நேரத்தில் வசந்தி அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். ஞாயிறு விருந்துக்கு நாற்பது பேருக்கு வாங்கிய இறைச்சி. அவள் திரும்பியும் பார்க்கவில்லை. விளக்கையும் அணைத்தாள். வெளிச்சத்துக்காகக் கராஜ் கதவைக் கையால் தூக்கித் திறந்தேன்.

ஆம்புலன்ஸுக்கு அழைத்தோம். எடுத்தவர் பொறுமையாகப் பேசினார். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்வரை அங்கேயே இருக்கச் சொன்னார், எங்கள் பெயரைக் குறித்துக்கொண்டார். பற்றரி ஐந்துக்கு இறங்கினால் உடனே திரும்ப அழைக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுச் செந்தில், மதுரைக்காரர், போனைக் கையில் பிடித்தபடி வந்தார். பற்றரி இல்லாவிட்டால், தெரு மின்சாரத்தோடு கூரைத் தகடும் நின்றுவிடும். "அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம் சார்ஜ் போட்டுக்கவா?" என்றார். இல்லை என்று கத்தினேன். அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. மச்சானின் மூக்கில் இருந்த குழாயைக் கண்டதும் அவர் உடனே வீட்டுக்கு ஓடினார். இரண்டு நிமிடத்தில் ஒரு பை ஐஸும் கிழித்த அட்டைப்பெட்டியுமாகத் திரும்பி வந்து, மச்சானுக்குப் பக்கத்தில் நின்று விசிறத் தொடங்கினார்.

எட்டு. ஏழு. நீங்கள் எப்போதாவது ஓர் எண்ணை வெறுத்திருக்கிறீர்களா? இத்தனை மாதமாக அந்த எண் இறங்க இறங்க நான் சந்தோஷப்பட்டவன். இறங்கினால் லாபம். அன்றைக்கு ஒவ்வொரு எண்ணும் இறங்க, போனைக் கவிழ்த்து வைத்தேன், திரும்பவும் நிமிர்த்திப் பார்த்தேன். மச்சான் கண்ணை மூடியிருந்தார். வியர்வை கழுத்தால் ஓடியது. நீலமாகிறதா என்று வசந்தி அவருடைய விரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வந்தது. அவர் செத்துப் போனால் நான்தான் காரணம் என்று எனக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது.

எட்டு மணி தாண்டி, மெல்பேர்ன் வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தபோது ஐந்து வந்தது. நான் போனில் எண்களை அழுத்திக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்குள் ஏசி சத்தம் போட்டது. தெருவில் யாரோ கை தட்டினார்கள்.

செந்தில் அட்டையைக் கீழே வைத்துவிட்டு நிலத்திலேயே குந்திவிட்டார். வசந்தி என் முன்னால் வந்து கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன். செயலியை அதிலிருந்து நீக்கிவிட்டுத் திருப்பித் தந்தாள். திட்டியிருக்கலாம்.

அறைக்குத் திரும்பி, மெஷின் பழைய இடத்தில் உறுமத் தொடங்கிய பிறகு, மச்சான் என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"நீர்தானே குறைச்சது?"

"ஓம்."

"அதில... எவ்வளவு மிச்சம் பிடிச்சனீர்?"

ஐம்பதுக்கும் பத்துக்கும் நடுவில் எவ்வளவு மின்சாரம், மாலையில் அதற்கு என்ன விலை — எனக்கு மனப்பாடம். ஒருநாளும் அப்படி வெட்கப்பட்டு ஒரு கணக்குச் சொன்னதில்லை.

"ரெண்டு டொலருக்குப் பத்துச் சதம் குறைவு."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க ஒரு நிமிடம் ஆனது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"அடுத்த முறை... அந்தக் காசை நான் தாறன், மச்சான்."