ஆலோசனை இல்லாத குழு

பயிற்சியாளர் ஒருவர் அடிக்கடி பேசி ஊக்கம் கொடுத்தால் சர்க்கரை நோய் கட்டுப்படுமா என்று தாராவியில் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்குப் பயிற்சியாளர் உண்டு. மீதிப் பேருக்கு அளவு மட்டும் பார்க்க நான். அறிவுரையாக ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது விதி.

என் பங்கில் வந்தவர்களில் ஓர் அம்மா. ஒல்லி உடம்பு, மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி. நான் போகும் நாளில் ஞாயிறு ஆராதனைக்குக் கட்டும் வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு, "ஸ்தோத்திரம் தாயி" என்று விரலை நீட்டுவார். மீட்டரைப் பார்க்கவே மாட்டார், என்னைத்தான் பார்ப்பார்.

கடைசி முறை அளவு நன்றாக இறங்கியிருந்தது. எப்படி என்று கேட்டேன்.

"போன தடவ நம்பரப் பாத்ததும் ஒன் மூஞ்சி வாடிப்போச்சுல்லா. இந்தப் பிள்ளைய இன்னொருக்க வாட விடக் கூடாதுன்னு டீக்குச் சீனிய விட்டுட்டேன். சாயங்காலம் சயான் ஸ்டேஷன் வரைக்கும் நடக்கேன்."

"நான் ஒண்ணுமே சொல்லலையேம்மா?"

"வாயால வேற சொல்லணுமாக்கும்?" என்று சிரித்தார்.

ஆய்வு முடிந்துவிட்டது. யாருடைய துணையும் இல்லாமல் தேறியவர்களில் ஒருவராகத்தான் அதன் அறிக்கையில் அவர் இருக்கிறார். இப்போது வேறோர் ஆய்வுக்காக வேறு வீடுகளில் மீட்டரைப் பார்க்கும்போது, என் முகத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரிவதில்லை.