சாமிக்குக் கால் நீட்டாத சைக்கிள்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் பள்ளியில் படிவம் மூன்றோடு நின்றவள். இதுவரை நான் எழுதியதிலேயே நீளமானது, வேலைக்கு வராததற்கு ஃபேக்டரியில் கொடுத்த விளக்கக் கடிதம். அதையும் சூப்பர்வைசர் பாதிதான் படித்தார். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்குத் தொண்டை வறண்டுவிடும். இங்கே யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

செங் என்ற ஊரில் உடற்பயிற்சி சைக்கிள் செய்யும் ஃபேக்டரியில் வேலை செய்கிறேன். அந்தச் சைக்கிள் எங்கும் போகாது, நின்ற இடத்திலேயே மிதிக்க வேண்டும். அதில் ஒரு வகை, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிப்பது. நான் பெடல் மாட்டுகிறவள். ஒருமுறை புது மாடலைச் சோதிக்க, லைனிலேயே குட்டையான ஆள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஏறி உட்கார்ந்தேன். பெடல் எட்டவில்லை. அதை வரைந்த ஆறடி மனிதர், "ஓகேயா?" என்று கேட்டார். "ஓகே சார்" என்று சொல்லி, கால் நுனியால் தொட்டுத் தொட்டுச் சுற்றிக் காட்டினேன். அந்த மாடல் பெட்டி பெட்டியாகக் கப்பலேறியது. எந்தெந்த ஊரில் எத்தனை குட்டைப் பெண்கள் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்களோ.

என் வீட்டுக்காரர் ஃபேக்டரி பஸ் டிரைவர். நாங்கள் ரெம்பியாவில் இருக்கிறோம். காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு செங்கில் இறக்குவார், நானும் அதே பஸ்ஸில்தான் போவேன். போன வருடம் செர்காம் கடற்கரைக்குத் தூண்டில் போடப் போனவர், பாறையில் வழுக்கி இடது முழங்கால் சில்லை உடைத்துக்கொண்டு வந்தார். மீனும் கிடைக்கவில்லை. மாவுக்கட்டைப் பிரித்தபோது கால் உலக்கை மாதிரி நின்றது, மடங்கவில்லை. கிளட்ச்சை மிதிப்பது இடது கால். அதுவும் அந்தப் பழைய பஸ்ஸின் கிளட்ச், சுவரை மிதிப்பது மாதிரி.

பஸ் முதலாளி வீட்டுக்கு வந்து காலைப் பார்த்தார்.

"ரெண்டு மாசம் பொறுக்குறேன்டா. அதுக்குள்ள கிளட்ச்ச அமுக்கிக் காட்டிடு. இல்லன்னா வேற ஆளுதான் லா. நான் என்ன செய்ய?"

என் வீட்டுக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். ஊரில் எல்லாரும் அவரை "டிரைவர்" என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ் போய்விட்டால் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பதே அவருக்குப் பெரிய கவலை.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த மலாய்க்காரப் பெண், சாய்ந்து மிதிக்கும் சைக்கிள்தான் நல்லது, உடம்புப் பாரம் முட்டியில் இறங்காது என்றாள். ஆனால் அங்கே இருந்தது ஒரே சைக்கிள். நம் முறை வாரத்துக்கு ஒரு தடவைதான் வரும். எங்கள் ஃபேக்டரி சைக்கிளைக் கொண்டுவந்து போட்டால், அதை ஹாலில் வைத்துவிட்டு நாங்கள் வெளியே குடியிருக்க வேண்டியதுதான்.

"நானே செஞ்சு தரேங்க" என்றேன்.

"அடுப்புக்குக் கேஸ் தோங் மாத்தவே என்னக் கூப்பிடுவ. நீ சைக்கிள் செய்யப் போறியா?"

பழைய இரும்புக் கடையில் ஒரு சின்னப் பிள்ளை சைக்கிளைப் பார்த்து எடுத்தேன். அதில் பெடலைத் தாங்கும் கட்டை குட்டை. கட்டை குட்டையானால் பெடல் சுற்றும் வட்டமும் சிறிதாகும், முட்டி அதிகம் மடங்க வேண்டாம். முன்பக்கத்தை அறுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தை, கடைகளில் சாமான் அடுக்க ராக்கு கட்டும் துளைபோட்ட இரும்புச் சட்டத்தில் பூட்டினேன். எதையும் ஒரு துளை ஏற்றலாம், ஒரு துளை இறக்கலாம். பின்னால் சாப்பாட்டுக் கடைகளில் போடும் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி.

"மிதிங்க" என்றேன். மிதித்தார். பெடல் அசையவில்லை. நாற்காலி பின்னால் போனது. அவரும் கூடவே போனார்.

நாற்காலியைச் சட்டத்தோடு சேர்த்து போல்ட் போட்டு முறுக்கினேன். முதுகுக்கு மெத்தை வைத்துக் கொடுத்தேன். அப்போதும் பெடலில் வேகம் இல்லை. பார்த்தால், அவர் தள்ளுகிற பலமெல்லாம் மெத்தையை அமுக்குவதிலேயே செலவாகிறது. மெத்தையை உருவிவிட்டுப் பலகை வைத்தேன். "பொண்டாட்டியா நீ?" என்றார். ஆனால் பெடல் நகர்ந்தது, அரை வட்டம் வரைக்கும். மேலே வரும்போது முட்டி நின்றுவிடும். மூன்று வாரம் அந்த அரை வட்டத்திலேயே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் என் நாத்தனார் வந்தார். அடுத்த வீடு. கதவைத் தட்டும் பழக்கம் கிடையாது.

"அடப்பாவி! முருகனுக்கு நேரா ரெண்டு காலயும் தூக்கிக் காட்டுறியே! அந்தக் காலு எப்படிடா மடங்கும்?"

எங்கள் சாமி மேடை அந்தச் சுவரில்தான் இருக்கிறது. ஃபேக்டரி மாடலைப் பார்த்து, பெடலைச் சீட்டு உயரத்துக்கே வைத்திருந்தேன். அவருடைய உள்ளங்கால் முருகனின் நேர்பார்வையில் இருந்தது உண்மைதான்.

"திருப்பிப் போட்டா எதுத்த சுவத்துல அப்பா படம்க்கா" என்றார் என் வீட்டுக்காரர்.

"இந்தப் பக்கம் திருப்பு."

"அங்க நீ உக்காந்திருக்க."

"அப்ப வாசல்ல போடு."

"ரோட்டுல போறவனெல்லாம் 'டிரைவர், பஸ் எங்க போவுது'ன்னு கேப்பான். சாமிக்குத் திரை போட்டுக்கலாம்க்கா."

"ஏன், உன் தொப்பையப் பாக்க வேணாம்னா? கால எறக்குடா!"

எனக்கு நாத்தனாரிடம் எதிர்த்துப் பேச வராது. ஸ்பானரை எடுத்துப் பெடலை மூன்று துளை இறக்கினேன். நாத்தனார் சாமி மேடை அருகே போய், முருகனின் கண் உயரத்துக்குக் குனிந்து பார்த்தார்.

"கட்டைவிரல் தெரியுது. இன்னும் ஒண்ணு எறக்கு."

இறக்கினேன். இப்போது பாதம் தரையைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. என் வீட்டுக்காரர் அலுப்போடு மிதித்தார். பெடல் மேலே வந்தது, நிற்காமல் கீழே போனது. முழு வட்டம். அவர் இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

எனக்கு அப்புறம்தான் புரிந்தது. பெடல் உயரமாக இருந்தபோது தொடை மேலே வந்து தொப்பையில் இடித்தது. இடித்ததும் முழங்கால் மிச்சத்துக்கு மடங்க வேண்டியிருந்தது, அந்தக் காலால் அது முடியவில்லை. கீழே இறக்கியதும் தொடைக்கு இடம் கிடைத்தது.

"பாத்தியா, முருகன் செயல்" என்றார் நாத்தனார். நாலு துளையும் ஒரு ஸ்பானரும் என் செயல் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. டீ கலக்கப் போய்விட்டேன்.

பிறகு சக்கரத்தில் மிதிக்கக் கனமாக இருக்க டயர் டியூப் பட்டை ஒன்றை உரசவிட்டு, வாரத்துக்கு வாரம் இறுக்கினேன். பழகப் பழகக் கட்டையையும் நீளமானதாக மாற்றினேன். தினமும் வேலைக்கு முன்னால் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை, பக்கத்தில் நின்று அவரிடம் திட்டு வாங்கினேன்.

இரண்டு மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை முதலாளி பஸ்ஸைக் கொண்டுவந்தார். "நீங்களும் ஏறுங்கக்கா" என்றார். என் வீட்டுக்காரர் ஓட்ட, நான் அவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தேன். அலோர் காஜா சாலையில் சிவப்பு விளக்கு விழுந்தது.

"நியூட்ரல் போடாத. கியர்லயே வச்சு கிளட்ச்ச அமுக்கியே நில்லு" என்றார் முதலாளி. அவர் சாலையைப் பார்க்கவில்லை, முழங்காலையே பார்த்தார். அந்த விளக்கு அவ்வளவு நேரம் சிவப்பாக இருந்து நான் பார்த்ததே இல்லை. கிளட்ச்சில் இருந்த கால் நடுங்க ஆரம்பித்தது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. பச்சை விழுந்ததும் பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். என் வீட்டுக்காரர் கிளட்ச்சை மெதுவாகத்தான் விட்டார். பஸ் குலுங்காமல் கிளம்பியது.

"லாரிக்காரனுக்கு என்னடா அவசரம்" என்றார் முதலாளி. பெட்ரோல் நிலையம் தாண்டியதும், "நாளைக்கு நீயே எடு" என்றார்.

மறுநாள் திங்கட்கிழமை. மழை. என் வீட்டுக்காரர்தான் ஓட்டினார். பஸ் பத்து நிமிடம் தாமதமாகச் செங் போய்ச் சேர்ந்தது.