நாற்பது சதவீத மழை

காலை ஏழு மணிக்குச் சென்னை ரயில் சங்கரன்கோவிலில் இறக்கிவிட்டதும் முதலில் வானத்தைத்தான் பார்த்தேன். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், ஒரு முதியோர் இல்லத்தில் இருபது வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். அந்த ஊர் தொற்றவைத்த பழக்கம் இது. அங்கே பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாதவர்கூட வானிலையைச் சொல்லித்தான் வாயைத் திறப்பார். இங்கே வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. தை பிறந்து ஒரு வாரம்.

பஸ் நிலையத்தில் டீ பதினைந்து ரூபாய். மேற்கே வாசுதேவநல்லூர்ப் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. லீட்ஸில் இதே தூரத்துக்கு முந்நூறு ரூபாய் போல ஆகும். கண்டக்டர் சீட்டைக் கிழித்துத் தந்துவிட்டு என் குடையைப் பார்த்துச் சிரித்தார்.

“மழை வரும்னு பாக்கியளாக்கா?”

“மாவட்டத்துக்கு எச்சரிக்கை போட்டிருக்காங்களே.”

“அது மலையடிவாரத்துக்குக்கா. மழை குத்தாலத்துக்கு, பள்ளிக்கூட லீவு நமக்கு. எப்பமும் இப்படித்தான்.”

அவர் சொன்னதில் தப்பில்லை. அருவி கொட்டும் குற்றாலமும் எங்கள் கரிசல் காடும் ஒரே மாவட்டம். எச்சரிக்கை என்னவோ எல்லோருக்கும் ஒன்றாகத்தான் வரும்.

பதினோரு கிலோமீட்டரில் எங்கள் ஊர் விலக்கு. சாலையின் ஒரு பாதி நெடுக மஞ்சளாகக் கிடந்தது. அறுவடையான மக்காச்சோளத்தை உதிர்த்துத் தார் ரோட்டில் காயப் போடுவது இங்கே வழக்கம். இன்னார் பங்கு இதுவரை என்று ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள்; அந்தக் கல்லை யாரும் நகர்த்துவதில்லை. பஸ்ஸும் முணுமுணுக்காமல் மறுபாதியில் போகிறது. என் தம்பி கோமதிநாயகம் வெறுங்காலால் சோளத்தில் வரி இழுத்துக் கிளறிக்கொண்டிருந்தான்.

“இன்னும் ரெண்டு வெயில் போதும்க்கா. நாளன்னைக்கு வியாபாரி லாரி வருது” என்றான்.

மூன்று ஏக்கர் விளைச்சல் அது. அவனுக்கும் அவன் மனைவி செல்விக்கும் வருஷம் முழுக்க உழைத்ததற்கு அது ஒன்றுதான் பலன். காய்ந்தால் குவிண்டால் இரண்டாயிரத்துச் சொச்சம் போகும். நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும், கோழித்தீவனக்காரன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான்.

“முன்னெல்லாம் பொங்கலோட மழை மூட்டையக் கட்டிரும். இப்போ நாலஞ்சு வருசமா அதுக்குப் புத்தி பெசகிட்டு” என்றாள் செல்வி.

பதினொரு மணிக்குப் போனைத் திறந்தேன். பிற்பகல் மூன்று மணிக்கு மழை, எழுபது சதவீதம். அதை அப்படியே நம்பினேன். காரணம் உண்டு. இங்கிலாந்தில் முதன்முறையாக வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டிய கோடையில், சிவப்பு எச்சரிக்கையைப் பார்த்து, ‘எங்கள் ஊர் சித்திரைக்கு இது எம்மாத்திரம்’ என்று சிரித்தவள் நான். குளிருக்காகக் கட்டிய வீடுகள், தரையெல்லாம் கம்பளம், ஒரு மின்விசிறி கிடையாது. எங்கள் இல்லத்தில் முதியவர்கள் ஒவ்வொருவராகச் சுருண்டு விழுந்த அன்று என் சிரிப்பு அடங்கியது. அன்றிலிருந்து வானிலை அறிக்கை எனக்கு வேதவாக்கு.

“தம்பி, மூணு மணிக்கு மழை உறுதி. மூடிரு” என்றேன்.

அவன் வானத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். சோளத்தைக் குவிக்க ஆரம்பித்தான். இந்த ரோட்டில் ஒருவர் தார்ப்பாயை இழுத்தால் எல்லோரும் இழுப்பார்கள். சற்று நேரத்தில் மஞ்சள் முழுக்க நீலத் தார்ப்பாய்க்குள் போய்விட்டது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்று மணிக்கு வெயில் மண்டையைப் பிளந்தது.

பக்கத்துப் பங்குக்காரர் செல்லத்துரை, “லண்டன் அக்கா, உங்க மழை எந்த ஸ்டாப்புல நிக்கி?” என்று கேட்டார். ரோடே சிரித்தது. நான்கு மணிக்கு ஒவ்வொருவராகத் தார்ப்பாயை எடுத்தார்கள். தம்பி மட்டும் எடுக்கவில்லை. நானே போய், “விரிலே, வெயில் வீணாப் போகுது” என்று சொல்லிப் பார்த்தேன். “இருக்கட்டும்க்கா” என்றான்.

செல்விதான் என்னைத் தள்ளி அழைத்துப் போய்ச் சொன்னாள். “நாங்களும் விரிச்சுட்டா ஒங்க பேச்சுக்கு ஊர்ல ஒரு ஆளு இல்லன்னு ஆயிருமாம். அதான் சும்மா கெடக்கட்டும்னு சொல்லுதாவ, மதினி.”

அரை நாள் வெயிலை என் மரியாதைக்காகக் கொடுத்திருக்கிறான்.

ஐந்தரை மணிக்கு, தூரத்தில் சிவகிரி மலைமேல் சாம்பல் நிறத்தில் மழை இறங்குவது தெரிந்தது. “ஒன் மழை வந்துட்டுக்கா. வழி தெரியாம அங்கன போயிட்டு” என்றான் தம்பி.

சொன்ன நாளில் வியாபாரி வந்தார். எங்கள் சோளத்தில் ஒன்றைப் பல்லில் கடித்துப் பார்த்தார். “இன்னும் ஒரு வெயில் வேணும். நாளைக்குச் சாயந்தரம் வாரேன்” என்று கிளம்பினார். ரோட்டில் பாதிப்பேருக்கும் அதே பதில். அன்று யாரும் கேலி பேசவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்று மாலையே எனக்கு ரயில். சங்கரன்கோவில் பிளாட்பாரத்தில் பெட்டியை ஏற்றிவிட்டு, ஜன்னல் ஓரம் வந்து நின்று தம்பி கேட்டான்.

“அக்கா, நாளைக்கு ஒன் போன்ல என்ன போட்டிருக்கு?”

இவ்வளவு பட்டும் கேட்கிறானே என்றிருந்தது. இந்த முறை கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. “நாப்பது சதவீதம்” என்றேன்.

அவன் கொஞ்சம் யோசித்தான். “அப்போ பத்துல நாலை மூடிருதேன். ஆறைக் காயப் போடுதேன்.”

ரயில் நகர்ந்தது. இருவரும் சிரித்தோம்.

மறுநாள் மாலை சென்னை விமான நிலையத்தில் இருந்தபோது போன் வந்தது. “நல்ல மழைக்கா. ரெண்டு மணிக்கே அடிச்சு ஊத்திட்டு, இழுத்து மூடக்கூட நேரமில்ல. காயப் போட்டிருந்த மத்தவங்களுக்கு முழுசும் போச்சு. நமக்கு நாலு பங்கு தப்பிச்சுட்டு.” எனக்கு நன்றி சொல்வது போலத்தான் பேசினான்.

லீட்ஸில் இறங்கியபோது அறிக்கை சொன்னபடி தூறிக்கொண்டிருந்தது, எல்லோர் கையிலும் குடை. இந்த ஊரில் மழை பொய்த்தால் குடையைத் தூக்கிச் சுமந்ததோடு போகும். எழுபதை நூறாக்கிச் சொன்ன அன்று மழை வரவில்லை. நாற்பதை நாற்பது என்றே சொன்னேன், வந்துவிட்டது. போன் இரண்டு நாளும் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஜன்னல் ஓரத்தில் எண்பது என்று சொல்லியிருக்கலாம். அவன் எட்டுப் பங்கை மூடியிருப்பான்.