தாத்தா இரண்டு தரம் கூப்பிட்டார்

தாத்தா கூப்பிட்டது எனக்குக் கேட்டது. தெளிவாகவே கேட்டது. தூங்கிப்போய்விட்டேன் என்று நாற்பத்தைந்து ஆண்டுகளாகச் சொல்லி வருவது பொய்.

என்னைச் சிரிப்புக் கட்டுரை எழுதுகிறவனாக நீங்கள் அறிந்திருக்கலாம். என் வழுக்கை, என் தொந்தி, மெட்ரோவில் நான் தொலைத்த குடைகள்... எல்லாவற்றையும் உங்களிடம் ஒப்புக்கொண்டவன்தான். இதைத் தவிர!

கல்கத்தா பாலிகஞ்சில் எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் ஒரு வங்காளி அம்மா இருந்தார்; மாஷி என்று கூப்பிடுவேன். அம்மா அலுவலகத்திலிருந்து திரும்பும்வரை நான் அவர் பொறுப்பு. நிஷி என்ற பேயைப் பற்றிச் சொன்னவர் அவர்தான். ஆள் அரவமற்ற வேளையில், நமக்கு வேண்டியவர் குரலில், அது நம் பெயர் சொல்லி அழைக்குமாம். பதில் கொடுத்தவன் அதன் பின்னாலேயே போய்விடுவானாம். ஆனால் நிஷியால் இரண்டு தரம்தான் கூப்பிட முடியும். ஆகவே மூன்றாம் தரம் கேட்டால் மட்டும் வாயைத் திறக்க வேண்டும். பாலிகஞ்சில் இதனால் யாருக்கும் கேடில்லை. அங்கே எல்லாரும் எல்லாரையும் ஏழு தரம் கூப்பிடுவார்கள்.

கோடை விடுமுறைக்குத் திருநெல்வேலிப் பக்கம், அம்மாவைப் பெற்ற தாத்தாவின் ஊருக்குப் போவோம். நீளமான, இருட்டான வீடு. வாசலில் நின்று பார்த்தால் புறவாசல் ஒரு தீப்பெட்டி அளவு வெளிச்சமாகத் தெரியும். நிஷி அங்கே குடியிருக்காவிட்டால் வேறெங்கே குடியிருக்கும்? மாஷியின் சட்டத்தை அங்கேதான் தவறாமல் கடைப்பிடித்தேன்.

“ஏல ரகு! ஏல ரகு! ஏ கல்கத்தாச் செவிடா! காதுல என்னத்தல அடைச்சு வச்சிருக்க?”

தாத்தாவின் மூன்றாவது கூப்பாட்டுக்கு ஓடுவேன்.

அன்று எல்லாரும் அடுத்த தெருக் கல்யாணத்துக்குப் போனார்கள். அம்மாவின் தங்கை, என் சித்தி, கடைசியாகக் கிளம்பினாள். “தாத்தா கூப்பிட்டா உடனே போணும், என்ன?” என்றாள். தலையாட்டிவிட்டு மச்சில் ஏறிப் படுத்துக்கொண்டேன்.

உச்சிப்பொழுது. ஒரு காக்கையின் சத்தம்கூட இல்லை. புறவாசலிலிருந்து வந்தது அந்தக் குரல்.

“ரகு...”

‘ஏல’ இல்லை. வசவு இல்லை. தாத்தா என்னை ஒருநாளும் அவ்வளவு மெதுவாக அழைத்ததில்லை!

“ரகு... ஐயா...”

இரண்டு. கையால் வாயைப் பொத்திக்கொண்டு மூன்றாவதுக்குக் காத்திருந்தேன். கிணற்றடியில் ஏதோ தரையோடு இழுபடும் ஓசை... நெடுநேரம். பிறகு அதுவும் நின்றது.

நிஷியை ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். புரிகிறதா உங்களுக்கு? இருட்டில் தனியாகப் படுத்துக்கொண்டு சிரித்தேன்!

சித்திதான் முதலில் பார்த்தாள். கிணற்றடியில் விழுந்தவர் புறவாசல் படிவரை ஊர்ந்து வந்திருந்தார். ஒரு கை படியின்மேல் இருந்தது. “கொஞ்சம் முன்னாடி பாத்திருந்தா...” என்று நிறுத்தினார் வைத்தியர். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“தூங்கிட்டேன்.” எவ்வளவு சரளமாக வந்தது!

பத்து வயதுப் பிள்ளை, பயந்துவிட்டான் என்று நீங்கள் மன்னிக்கத் தயாராவது தெரிகிறது. பொறுங்கள். தாத்தாவைத் தனியே விட்டுப்போனவள் தான்தான் என்று சித்தி அன்றிலிருந்து எந்தக் கல்யாண வீட்டுப் படியும் ஏறவில்லை. தனக்கு வந்த வரன்களையும் திருப்பி அனுப்பிவிட்டாள். அவளை விடுவிக்க என் ஒற்றை வாக்கியம் போதும். இருபது வயதில் சொல்லியிருக்கலாம், நாற்பதில் சொல்லியிருக்கலாம்... அப்போதும் நான் குழந்தையா?

சென்ற வாரம் போன் செய்தாள். அந்த வீட்டில் இப்போது அவள் மட்டும்தான்.

“மத்தியானம் ஆனா அப்பா புறவாசல்ல கூப்பிடுதாருல. உன் பேரைச் சொல்லி. ரெண்டே தரம்.”

எத்தனை தரம் என்று நான் எவரிடமும் சொன்னதில்லை. மாஷியிடம்கூட!

“காது டாக்டரைப் பாருங்க சித்தி” என்றேன். நகைச்சுவையாளன் அல்லவா...

“பாத்தாச்சு. காது நல்லாத்தான் இருக்குன்னுட்டாரு. உனக்குப் பதிலா நானே ‘என்னப்பா’ன்னு கேட்டுப் பாத்தேன். அடங்க மாட்டேங்காரு. ஒருதரம் நீ வந்து ஏன்னு கேட்டுட்டுப் போயேன். எனக்கப்புறம் இங்க யாரு இருக்கா?”

“பூஜா சீசன் சித்தி. எந்த ரயில்லயும் டிக்கெட் இல்ல.”

“சரிய்யா, கூட்டம் குறையட்டும்” என்றாள், எப்போதும்போல என்னை நம்பி.

நான் டிக்கெட் பார்க்கவே இல்லை.