பிரிக்காத மிட்டாய்

மிட்டாய் எனக்கு, தாள் தங்கைக்கு. சின்ன வயதில் எங்களுக்குள் சண்டை வராத ஒரே விஷயம் அதுதான். தாளை நகத்தால் நீவி, புத்தகத்துக்குள் வைத்து, மேலே ஏறி உட்கார்ந்துகொள்வாள். வீட்டில் அவளுக்குக் குப்பைராணி என்றே பெயர். இப்போது நாற்பது வயது, பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைகிறாள். இன்றும் தெருவில் பளபளவென்று எது கிடந்தாலும் குனிந்துவிடுவாள். கூடப் போகிற எனக்குத்தான் மானம் போகும்.

அப்பேர்ப்பட்டவளை ஒரு மிட்டாய்க் கம்பெனியே கூப்பிட்டு, புது ஆரஞ்சு மிட்டாய்க்குத் தாள் வரையச் சொன்னால் எப்படி இருக்கும்? வீடே அமர்க்களப்பட்டது. மூன்று வாரம் சோறு தண்ணீர் மறந்து, இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமியைத் தாள் முழுக்க வரைந்தாள். அடடா, என்ன அழகு!

போன திங்கட்கிழமை மதியம், அவள் தாளில் சுற்றிய மாதிரி மிட்டாய்கள் வந்தன. கூடவே மேனேஜரின் போன்.

"என்னம்மா, பொண்ணுக்கு மூஞ்சியே காணோம்? சாயங்காலத்துக்குள்ள மாத்திக் கொடுங்க. இல்லன்னா பழைய கோடு போட்ட தாளையே அடிச்சிடுவோம்."

எடுத்துப் பார்த்தேன். இரு முனையும் முறுக்கியதில் சடை, காது, கண் எல்லாம் உள்ளே போய், மூக்கு மட்டும் மிச்சம். எனக்கு வந்ததே கோபம்!

"முப்பது வருஷமா தாள் சேர்க்கிறியே, முறுக்குவாங்கன்னு தெரியாதா?"

அவள் கண் கலங்கிவிட்டது. "நான் எல்லாத்தையும் பிரிச்சு நீவித்தானேக்கா பாத்திருக்கேன். ஒண்ணைக்கூடத் திரும்பச் சுத்திப் பாத்ததில்லையே."

திட்டியது பாவமாகிவிட்டது. கடைக்கு ஓடி ஒரு பை மிட்டாய் வாங்கி வந்தேன். அவள் வரைய வரைய, நான் வெட்டிச் சுற்றினேன். முகம் சின்னதானால் கண் தப்பித்தது, சடை போனது. சடையை உள்ளே இழுத்தால் முகத்துக்கு இடமில்லை. மணி நாலு. ஒரு மிட்டாயின் இரண்டு முனைகளையும் முறுக்கி அவள் முன்னால் எறிந்தேன். அதையே முறைத்துப் பார்த்தவள் துள்ளி எழுந்தாள்.

"அக்கா! சடையை நான் எதுக்கு வரையணும்? இந்த முறுக்கே சடைதானே!"

நடுவில் முகம் மட்டும் வரைந்து, இரு ஓரமும் வெறும் சிவப்பு அடித்தாள். சுற்றி முறுக்கினேன். சிவப்பு ரிப்பன் கட்டிய இரட்டைச் சடையோடு, கன்னம் உப்பிச் சிரித்தாள் ஒரு குட்டிப் பெண். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

மேனேஜர் ஒரே வார்த்தையில் சரி என்றார். நேற்று மெஷினிலிருந்து வந்த முதல் மிட்டாயைத் தங்கையிடம் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தாள். பழக்கதோஷம், பிரிக்கப் போனேன்.

"பிரிக்காதேக்கா!"

வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்பது இதுவே முதல் தடவை. மிட்டாய் இப்போது கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. எனக்கு நாக்கு ஊறுகிறது. ஆனாலும் சத்தியமாகத் தொடவில்லை.