தம்போயில் வாங்கிய குளிர் கோட்டு

அடுத்த மாதம் தாதி வேலைக்காக அயர்லாந்து போகிறேன். இன்று ஜொகூரில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தம்போயில் ஒரு கடைக்குக் குளிர் கோட்டு வாங்கப் போனேன்.

தாதி வேலைக்கு அயர்லாந்து போகிறேன் என்றதும் கடைக்கார அக்கா சொன்னார்: "என் மகளும் அங்கதான் மிஸ்ஸியா இருக்கா. போயி மூனு வருசமாச்சு. உங்க உயரம்தான் இருப்பா லா."

அவரே கோட்டை மாட்டிவிட்டு, கழுத்துவரை பொத்தான் போட்டார். காலரைப் பிடித்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை. நானும் அசையவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கோட்டை நீட்டினேன். "போட்டு விடுங்கம்மா."

"அலமாக், உனக்கு கை இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே அம்மா ஒவ்வொரு பொத்தானாகப் போட்டார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

ஜொகூர் வெக்கையில் அரை மணி நேரமாகக் கோட்டோடு உட்கார்ந்திருக்கிறேன்.

வெளிநாடு போன நண்பர்களே, நீங்களெல்லாம் இதை எப்படித்தான் கழற்றினீர்கள்?